அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர்களுக்கு

ஒரு செமஸ்டர் என்றால் ஆறு மாதம் என்று நினைத்துக்கொண்டுதான் கிளம்புகிறோம். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, கோடைகால செமஸ்டர் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை என்று தாளில் இருக்கும். வகுப்பு நடப்பதோ அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முற்பாதி வரைதான். கோடையில் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை வரை. குளிர்காலத்தில் கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரம் விடுமுறையில் போய்விடும். மிஞ்சுவது பதினான்கு வாரம் போல. அதில் முதல் ஐந்து வாரம் அலுவலக வேலையிலேயே கரைந்தால் எவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அப்படித்தான் கரைந்தது.

காரணம் மிகச் சின்னது. என் அறைக்கான அஞ்சல் பெட்டியில் என் பெயர் இல்லை. அங்கே அடுக்குமாடிக் கட்டடங்களில் பெரும்பாலும் கட்டடத்துக்குத்தான் எண், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. தபால்காரர் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். என் பெட்டியில் எனக்கு முன்னால் இருந்தவரின் பெயர் இருந்தது. வங்கி அட்டையின் ரகசிய எண் வந்த கடிதம் திரும்பிப் போனது. மருத்துவக் காப்பீட்டு அட்டையும் திரும்பிப் போனது. இரண்டையும் மறுபடி கேட்டு, அவை வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை கையில் இருந்த ரொக்கத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தேன்.

ஜெர்மனியில் காரியங்கள் சங்கிலி மாதிரி. வீடு இருந்தால்தான் முகவரிப் பதிவு. பல இடங்களில் அந்தப் பதிவுச் சான்று இருந்தால்தான் வங்கிக் கணக்கு முழுதாக இயங்கும். காப்பீடு இருந்தால்தான் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை. ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தது நகராது. வரிசை தெரிந்துவிட்டால் எதுவும் கடினமில்லை. அந்த வரிசையில்தான் கீழே சொல்கிறேன்.

புறப்படும் முன்

விசாவில் தவறு நேர இடம் கொடுக்காதீர்கள். 90 நாளுக்கு மேல் தங்குவதென்றால் தேவை டி வகை தேசிய விசா. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் கடைசித் தேதி. அது உங்கள் தேர்வு நாள்களையும் தாண்டிப் போகிறதா? போகவில்லை என்றால் அங்கே போய் அவுஸ்லெண்டர்பெஹோர்டே எனப்படும் வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி வாங்க வேண்டும். அங்கே நேரம் கிடைக்கவே பல வாரம் ஆகும் நகரங்கள் உண்டு. அதனால் போன முதல் வாரத்திலேயே நேரம் கேட்டுவிடுங்கள்.

செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட உதவித்தொகைக் கடிதமோ முடக்கக் கணக்கோ கேட்பார்கள். முடக்கக் கணக்கில் 2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில் பணம் இருக்க வேண்டும். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அது மாதாமாதம் உங்கள் நடப்புக் கணக்குக்கு வரும். முதல் தவணை வரச் சில வாரம் பிடிக்கலாம். அந்த இடைவெளிக்கும் வாடகை முன்பணத்துக்கும் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். பலர் திண்டாடுவது இந்த இடத்தில்தான்.

இனி வீடு. எல்லாவற்றையும் விட இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பரிமாற்ற மாணவர்களுக்கென்று ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் விடுதிகளில் சில அறைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சலில் அந்த விண்ணப்பத்தின் இணைப்பு எங்கோ நடுவில் இருக்கும். அந்த மின்னஞ்சலை முழுக்கப் படியுங்கள். அன்றைக்கே விண்ணப்பியுங்கள்.

விடுதி கிடைக்காவிட்டால் வேகே, அதாவது பகிர்ந்து வாழும் வீடு. ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்களுக்கு ட்ஸ்விஷன்மீட்டே நல்ல வழி. வெளியூர் போகும் மாணவர் தன் அறையைச் சாமான்களோடு சில மாதத்துக்கு விடுவது அது. கட்டில் வாங்க வேண்டாம், போகும்போது விற்க வேண்டாம். ஆனால் பேச்சைத் தொடங்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "இந்த முகவரியில் நான் பதிவு செய்துகொள்ளலாமா?" முடியாது என்றால் எவ்வளவு நல்ல அறையானாலும் விட்டுவிடுங்கள். பதிவு செய்ய முடியாத அறை சங்கிலியின் முதல் கண்ணியையே அறுத்துவிடும்.

வாடகையில் இரண்டு கணக்கு உண்டு. கால்ட்மீட்டே என்பது வெறும் இடத்துக்கான வாடகை. வார்ம்மீட்டே என்றால் சூடேற்றி, தண்ணீர் போன்ற கட்டடச் செலவுகளும் சேர்ந்தது. மின்சாரமும் இணையமும் அதில் அடக்கமா என்று தனியாகக் கேளுங்கள். கவுட்ஸியோன் எனும் முன்பணம் சட்டப்படி மூன்று மாத கால்ட்மீட்டேக்கு மேல் போகக்கூடாது.

ஏமாற்று விளம்பரங்களும் உண்டு. நகரின் நடுவில் அழகான வீடு, வாடகையோ பாதி. உரிமையாளர் வேறு நாட்டில் இருப்பதாகச் சொல்வார், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்வார். இந்தக் கதை எந்த வடிவில் வந்தாலும் பணம் அனுப்பாதீர்கள். காணொலி அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள், ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகத்தில் உங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி மாணவரிடம் காட்டுங்கள். வழிகாட்டி மாணவர் திட்டம் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கிறது. கூச்சப்படாமல் பெயரைக் கொடுங்கள்.

இன்னொன்று, பதிவு அலுவலக நேரத்தை இங்கிருந்தே இணையத்தில் எடுக்கப் பாருங்கள். ஜெர்மனியில் அடிக்கடி கேட்கப்போகும் சொல் டெர்மீன், முன்பதிவு செய்த நேரம். பெரிய நகரங்களில் அது இல்லாமல் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காலை எட்டு மணிவாக்கில் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ரத்தான நேரங்கள் அப்போது அடிக்கடி தென்படும்.

முதல் இரண்டு வாரம்

சாவி வாங்கிய கையோடு அஞ்சல் பெட்டிக்குப் போங்கள். ஒரு சிறு தாளில் பெயரை எழுதி ஒட்டுங்கள். அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள், பொட்டலம் கொண்டுவருபவர் அதைத்தான் தேடுவார். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. கடவுச்சீட்டில் அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயர் இருக்கும், கடிதமும் அந்தப் பெயருக்கே வரும். அதனால் கடவுச்சீட்டில் உள்ள இரண்டு பெயரையும் முழுதாக எழுதுங்கள், முதலெழுத்தாகச் சுருக்க வேண்டாம். வேகேயில் ஏற்கெனவே மூன்று பெயர் இருந்தால் நான்காவதாக உங்கள் பெயரும் இருக்கட்டும்.

அடுத்தது அன்மெல்டுங், முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். பியூர்கர்ஆம்ட் எனப்படும் குடிமக்கள் அலுவலகத்தில் நடக்கும். கடவுச்சீட்டு, நிரப்பிய படிவம், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட குடியேறல் சான்று ஆகிய மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று அந்தச் சான்று இல்லாமல் போய்த் திரும்பியவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு வேறு. சாவி வாங்கும்போதே சான்றையும் கையெழுத்தோடு வாங்கிவிடுங்கள். அலுவலகத்தில் வேலை பத்து நிமிடம்தான். திரையில் உங்கள் எண் வரும், அறைக்குள் போவீர்கள், அச்சிட்ட ஒரு தாளைத் தருவார்கள். அதை உடனே படம் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கோப்பில் வையுங்கள். வரி அடையாள எண் பிறகு தபாலில் வரும். அதையும் பத்திரப்படுத்துங்கள், பகுதிநேர வேலை கிடைத்தால் கேட்பார்கள்.

காப்பீடு அநேகமாகக் கிளம்பும் முன்பே பேசி முடித்திருப்பீர்கள். முப்பது வயதுக்குள் இருக்கும் மாணவர்கள் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போய்ப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப உள்ளே வர முடியாது. ஒரு செமஸ்டரோடு திரும்புகிறவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் அங்கேயே மேற்படிப்பைத் தொடரும் எண்ணம் துளியாவது இருந்தால், விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள்.

கல்விக் கட்டணம் இல்லை என்று சொல்லியிருந்தாலும் செமஸ்டர் பங்களிப்புத் தொகை என்று ஒன்று கட்ட வேண்டியிருக்கும். அது மாணவர் நல அமைப்புக்கும் மாணவர் சங்கத்துக்கும் போகும். பல இடங்களில் பேருந்து, ரயில் பயணச்சீட்டும் அதில் அடங்கும். அடங்கினால் எந்தெந்த வண்டியில் செல்லும் என்று பாருங்கள். நாடு முழுக்கச் செல்லும் மாதச் சீட்டானாலும் உள்ளூர், வட்டார வண்டிகளுக்குத்தான், ஐசிஇ போன்ற அதிவேக ரயிலுக்கு இல்லை. தனிச்சீட்டு வாங்கினால் நடைமேடையிலோ வண்டிக்குள்ளோ இருக்கும் சின்னப் பெட்டியில் முத்திரை குத்த வேண்டிய ஊர்களும் உண்டு. குத்தாத சீட்டு செல்லாத சீட்டு. பிடிபட்டால் 60 யூரோ.

கைபேசிக்கு முன்கட்டணச் சிம் போதும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் குறைவாகத் தெரியும், ஆனால் நீங்கள் இருக்கப்போவது ஆறு மாதம். உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இதே கணக்குதான்.

பதிவு செய்து சில வாரம் கழித்து ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். பார்த்ததும் மோசடி என்று கிழித்துப் போட்டவர்கள் உண்டு. மோசடி இல்லை. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, தொலைக்காட்சி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும் என்பதால் வேகேயில் யார் கட்டுகிறார் என்று கேட்டு, அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதுங்கள். உங்கள் பங்கை அவரிடம் கொடுத்துவிடலாம். பதில் எழுதாமல் இருந்தால் உங்கள் பெயரிலேயே பதிவு செய்து கட்டணம் கேட்பார்கள்.

வகுப்பறை

கால அட்டவணையில் 10 சி.டி. என்று இருந்தால் வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்கும். கும் டெம்போரே என்ற லத்தீன் தொடரின் சுருக்கம் அது. எஸ்.டி. என்று இருந்தால் பத்து மணிக்கே. இந்தக் கால் மணிச் சலுகை பல்கலைக்கழகத்துக்குள் மட்டும்தான். மருத்துவரிடமோ அலுவலகத்திலோ பத்து என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் இருங்கள்.

முதல் விரிவுரை முடிந்ததும் அரங்கமே மேசையைத் தட்டும். இருநூறு பேர் விரல் முட்டியால் மரத்தில் தட்டினால் மழை இறங்குவது போல இருக்கும். எனக்கு முதலில் ஏதோ எதிர்ப்பு என்று பட்டது. அது கைதட்டல், ஆசிரியருக்கு நன்றி. நீங்களும் தட்டுங்கள்.

பாடங்களில் விரிவுரை, பயிற்சி வகுப்பு, கருத்தரங்கு என்று மூன்று வகை. பல விரிவுரைகளில் வருகைப்பதிவு இல்லை, இடைத்தேர்வு இல்லை, உள் மதிப்பெண் இல்லை. முழு மதிப்பெண்ணும் கடைசியில் ஒரே தேர்வில். நவம்பரில் யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதுதான் இதில் ஆபத்து. ஜனவரியில் உட்கார்ந்தால் மலையாக நிற்கும். பயிற்சித் தாள்களை வாராவாரம் போடுங்கள், கட்டாயம் இல்லாவிட்டாலும் போடுங்கள். தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் அந்தச் சாயலில்தான் இருக்கும். நண்பர்கள் கிடைப்பதும் விரிவுரை அரங்கில் இல்லை, இருபது பேர் இருக்கும் இந்தப் பயிற்சி வகுப்பில்தான்.

இசிடிஎஸ், அதாவது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பாடச் சுமையை அளக்கும் புள்ளி, ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. வகுப்பும் வீட்டில் படிப்பதும் தேர்வும் எல்லாம் சேர்ந்து. முழுச் சுமை செமஸ்டருக்கு 30 புள்ளி. புது நாட்டில், புது மொழிச் சூழலில் முப்பதையும் எடுக்க வேண்டுமா என்று உங்கள் சொந்தக் கல்லூரியில் முன்கூட்டியே பேசுங்கள். அனுமதித்தால் 20, 24 எடுங்கள் என்பேன். மதிப்பெண் 1.0 மிகச் சிறந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. எண் ஏற ஏற மதிப்பு இறங்கும்.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவு செமஸ்டரின் நடுவில் சில வாரம் மட்டும் திறந்திருக்கும். அதைத் தவறவிட்டால், எல்லா வகுப்புக்கும் போயிருந்தாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள். பரிமாற்ற மாணவர்களுக்குச் சில இடங்களில் இணையத்தில் பதிவு திறக்காது, தாளில் கையெழுத்து வாங்கித் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். முதல் வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய் இப்படிக் கேட்டால் போதும்: "நான் ஒரு செமஸ்டருக்கு வந்திருக்கிறேன். தேர்வு எந்தத் தேதி, நான் எப்படிப் பதிய வேண்டும்?" அவர் சொல்லும் தேதியைத் தெரிந்துகொண்ட பிறகே திரும்பும் விமானச் சீட்டை எடுங்கள். தேர்வு, வகுப்புகள் முடிந்த பிறகுதான் வரும், சில சமயம் வாரக்கணக்கில் தள்ளிப் போகும். கருத்தரங்கில் எழுதித் தர வேண்டிய நீண்ட கட்டுரைக்கு மார்ச் கடைசி வரைகூடத் தவணை தருவார்கள். அதை ஊருக்குத் திரும்பிய பிறகும் அனுப்பலாம்.

போகும் முன் கையெழுத்திட்ட லேர்னிங் அக்ரிமென்ட்டில், அதாவது எந்தெந்தப் பாடம் எடுப்பீர்கள் என்ற ஒப்பந்தத்தில், உள்ள பாடம் அங்கே நடக்காமலே போகலாம், அல்லது இரண்டு பாடம் ஒரே நேரத்தில் மோதலாம். சகஜம்தான். பாடத்தை மாற்றினால் ஆவணத்தையும் உடனே மாற்றி இரண்டு கல்லூரியிடமும் கையெழுத்து வாங்குங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எடுத்த பாடத்துக்குச் சொந்தக் கல்லூரி புள்ளி தர மறுக்கலாம்.

ஆசிரியரைப் பார்க்க வாரம் ஒருமுறை சந்திப்பு நேரம் இருக்கும். மின்னஞ்சலில் சொல்லிவிட்டுப் போங்கள். கேள்வியை நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள். அந்த நேர்மை முதலில் கடுமையாகக் காதில் விழும், கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றாடம்

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மென்சா, பல்கலைக்கழக உணவகம். மாணவருக்கு ஒரு விலை, விருந்தினருக்கு வேறு விலை என்பதால் மாணவர் அட்டை வரும்வரை சேர்க்கைச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

குளிர்பானம், தண்ணீர் பாட்டில்களுக்கு ஃபாண்ட் என்று வைப்புத்தொகை உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட். காலியானதைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும், அதைப் பணம் செலுத்தும் இடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். நசுக்கிவிடாதீர்கள், இயந்திரத்தால் படிக்க முடியாது.

குப்பையைப் பிரிக்கும் முறையை வீட்டிலுள்ளவரிடம் முதல் நாளே கேளுங்கள். பகிர்ந்து வாழும் வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் குப்பை, பாத்திரம், இரவுச் சத்தம் இந்த மூன்றால்தான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். குளிர்காலத்திலும் தினம் சில நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுங்கள். விடாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் கை வைப்பார்கள்.

அவசரத்துக்கு 112, காவல்துறைக்கு 110. இரவிலோ வார இறுதியிலோ காய்ச்சல் என்றால் 116117 எண்ணில் பணியிலிருக்கும் மருத்துவரைக் கேட்கலாம். பாராசிட்டமால்கூட மருந்தகத்தில்தான் கிடைக்கும், பல்பொருள் அங்காடியில் தேடி அலைய வேண்டாம்.

இருட்டும் தனிமையும்

இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்றிலிருந்து மாலை சட்டென்று சுருங்கிவிடும். டிசம்பர் கடைசியில் பெர்லினில் விடிவதற்குள் காலை எட்டு தாண்டிவிடும், மாலை நான்கு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். காரணம் தெரியாமல் சோர்வாக இருக்கும், யாரையும் பார்க்கப் பிடிக்காது, அறையிலேயே கிடக்கத் தோன்றும். உங்களிடம் ஏதோ குறை என்று நினைக்காதீர்கள். வெளிச்சம் இல்லாததும் அதில் ஒரு பங்கு. மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணியாவது வெளியே நடங்கள்.

வாரத்தில் ஒரு மாலையை முன்கூட்டியே எதற்காவது ஒதுக்கிவிடுங்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவில் நீச்சலிலிருந்து நடனம் வரை குறைந்த கட்டணத்தில் வகுப்புகள் உண்டு. பதிவு திறந்த சில மணி நேரத்தில் நிரம்பிவிடும், தேதியைப் பார்த்து வையுங்கள். மொழி கொஞ்சம் தெரிந்தாலும் டாண்டம் முறையில் ஒரு ஜெர்மன் மாணவரோடு சேருங்கள், நீங்கள் அவருக்கு ஆங்கிலமோ தமிழோ சொல்லித்தரலாம். ஜெர்மன் நண்பர்கள் கிடைக்க நேரம் ஆகும். அவர்கள் "பார்க்கலாம்" என்று சும்மா சொல்வதில்லை, தேதி குறித்துத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போங்கள்.

இதையெல்லாம் செய்தும் மனம் தேறவில்லை என்றால் ஷ்டுடீரெண்டன்வெர்க்கில் உளவியல் ஆலோசனை கிடைக்கும். பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

கிளம்பும்போது

கடைசி மாதத்தில் எல்லாமே சங்கிலியைத் திருப்பி அவிழ்ப்பதுதான். வீட்டைக் காலி செய்யும் தேதியை ஒப்பந்தத்தில் சொன்ன கால அவகாசத்தோடு எழுத்தில் கொடுங்கள். அறையை ஒப்படைக்கும்போது ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நாட்டை விட்டுப் போவதால் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். வெளியேறும் தேதிக்கு ஒரு வாரம் முன்பிலிருந்து, வெளியேறி இரண்டு வாரம் வரை செய்யலாம். அந்த நீக்கச் சான்றை வைத்துத்தான் காப்பீட்டையும் ஒளிபரப்புக் கட்டணத்தையும் நிறுத்துவீர்கள்.

மதிப்பெண் சான்று எப்போது, எந்த முகவரிக்கு வரும் என்று சர்வதேச அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். முன்பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம், அது வந்து சேர ஒரு கணக்கு வேண்டும். கடைசி நாள் சாவியைக் கொடுக்கும் முன் அஞ்சல் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். பிறகு வரக்கூடிய கடிதங்களை ஒரு நண்பரின் முகவரிக்குத் திருப்பிவிடத் தபால் நிலையத்தில் ஏற்பாடு செய்யுங்கள். கட்டணம் உண்டு, கொடுக்கலாம்.